ஏழு பிஎஸ்ஐ போதும்: டர்போ பற்றிய வாசகர் கேள்வி பதில்

டர்போ பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையால் சுழன்று, உள்ளே போகும் காற்றை நெரித்துத் தள்ளும் கருவி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துள்ளோம்.

என்னிடம் ஹொண்டா சிவிக் இகே3 இருக்கிறது. 1500 சிசி, மனுவல் கியர். இணையத்தில் முழு டர்போ கிட் ஒன்று பார்த்தேன். டர்போ, மனிபோல்ட், இன்டர்கூலர், பைப்புகள் எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறது. டர்போ 400 குதிரைவலு தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு 200 கிடைத்தாலே போதும். வாங்கலாமா?
வாசகர், கிளிநொச்சி

வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் எந்த விற்பனையாளரின் பேச்சையும் நீங்களே நிறுத்துப் பார்க்கலாம்.

'400 குதிரைவலு' என்று எழுதியிருப்பது அந்த டர்போ தள்ளக்கூடிய காற்றின் உச்ச அளவு. உங்கள் எஞ்சின் தரப்போகும் வலு அதுவல்ல. பெற்றோல் எஞ்சினுக்குள் நிமிடத்துக்கு ஒரு இறாத்தல் காற்றுப் போனால் ஏறத்தாழ 10 குதிரைவலு வரும். உங்கள் 1500 சிசி எஞ்சின் 6500 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 4370 லீற்றர் காற்றை இழுக்கும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சிலிண்டர் நிரம்பும், அதுவும் 90 சதவீதம்தான் நிரம்பும் என்று எடுத்த கணக்கு இது. வன்னியின் மத்தியான வெயிலில், 34 பாகையில், அவ்வளவு காற்றின் நிறை 11 இறாத்தல். ஆக, டர்போ இல்லாமல் 110 குதிரைவலு.

இப்போது 7 பிஎஸ்ஐ பூஸ்ட் ஏற்றுங்கள். பூஸ்ட் என்பது டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்; பிஎஸ்ஐ என்றால் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7. அதோடு 7ஐக் கூட்டினால் 21.7, அதாவது 48 சதவீதம் கூடுதல். ஆனால் காற்றை நெரித்தால் அது சூடேறும். 34 பாகையில் உள்ளே போன காற்று, 70 சதவீதத் திறனுள்ள நல்ல கம்பிரசரிலிருந்துகூட 86 பாகையில்தான் வெளியே வரும். சூடான காற்று பாரம் குறைந்தது. அதை இடையில் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைக்கும் காற்று 26 சதவீதம் மட்டுமே கூடும். சுமாரான இன்டர்கூலர் ஒன்று அதை 50 பாகைக்கு இறக்கினால் 40 சதவீதம் கூடும். அப்போது நிமிடத்துக்கு 15 இறாத்தலைக் கொஞ்சம் தாண்டும். வலு 155 குதிரை அளவில் நிற்கும். குளிர் நாட்டில் ஒருவர் இன்டர்கூலர் இல்லாமல் ஓடித் தப்பியிருக்கலாம். நம் வெயிலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

200 வேண்டுமென்றால் இதே எஞ்சினுக்கு 13 முதல் 14 பிஎஸ்ஐ தேவைப்படும். 9.6க்கு 1 அளவு கம்பிரஷன் விகிதம், கம்பனி பிஸ்டன், மெல்லிய கொனெக்டிங் றொட், செட்டில் கிடைக்கும் பெற்றோல் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அது எஞ்சினைத் திறந்து றொட்டும் பிஸ்டனும் மாற்றிச் செய்யவேண்டிய வேலை. ஆகவே 150 முதல் 160 வரை என்று இலக்கு வையுங்கள். ஆயிரம் கிலோவை ஒட்டிய காருக்கு அது சின்ன வலு அல்ல.

இனி அந்தப் பெரிய டர்போவுக்கு வருவோம். 15 இறாத்தல் காற்றுக்கு 40 இறாத்தல் தள்ளும் டர்போவைப் பூட்டினால் அதன் சக்கரத்தைச் சுழற்ற உங்கள் எஞ்சினின் புகை போதாது. பூஸ்ட் எட்டிப் பார்க்கவே 4500 சுற்றுத் தாண்டும். ஏ9 வீதியில் ஊருக்கு வெளியே சட்ட வேகம் 70 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து மாங்குளம் வரை ஓடினாலும் அந்த டர்போ ஒருமுறைகூட விழித்துக்கொள்ளாது. உங்களுக்குச் சரியானது 54 மில்லிமீற்றர் கம்பிரசர் சக்கரம் கொண்ட காரெட் ஜிடி2554ஆர் வகை, அல்லது பழைய சுபாரு இம்பிரேசாவில் வந்த மிற்சுபிசி டிடி04. நிசானில் வந்த டி25உம் பொருந்தும். இவை 3000 சுற்றை ஒட்டியே 7 பிஎஸ்ஐயைத் தரத் தொடங்கும்.

பெட்டியில் இல்லாத பொருட்கள்தான் எஞ்சினைக் காப்பாற்றுபவை. முதலில் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர். 155 குதிரைவலுவுக்கு நான்கு இன்ஜெக்டர்களும் 80 சதவீத நேரம் திறந்திருந்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 305 சிசி தரவேண்டும். கம்பனி இன்ஜெக்டர் 240 சிசி. அது மூடாமல் முழு நேரமும் திறந்து கிடந்தாலும் போதாது. கலவையில் பெற்றோல் குறையும், பிஸ்டனின் விளிம்பு உருகும். 360 முதல் 440 சிசி வரை உள்ளதை எடுங்கள். பூட்டும் முன் மல்ரிமீற்றரால் ஓம் பாருங்கள். 10 முதல் 16 ஓம் என்றால் நேரே பூட்டலாம். 2, 3 ஓம் காட்டினால் இடையில் ரெசிஸ்டர் பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினின் கணினியான ஈசியூவில் இன்ஜெக்டரை இயக்கும் டிரான்சிஸ்டர் கருகும்.

அடுத்தது ஈசியூ. இன்ஜெக்டரை மாற்றிவிட்டுப் பழைய ஈசியூவையே விட்டால் கார் ஐடிலில் கரும்புகை கக்கும். பூஸ்டில் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு எடுக்க அதற்குத் தெரியாது. ஹொண்டாவுக்கு பி28 ஈசியூவில் ஹொண்டாட்டா எஸ்300 பூட்டும் வழி உண்டு. லிங்க், ஹோல்டெக் போன்ற தனி ஈசியூவும் போடலாம். பெற்றோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றும் மலிவான றெகுலேற்றரை நம்பி ஓட வேண்டாம். அது பெற்றோலைக் கூட்டுமே தவிர டைமிங்கைத் தொடாது.

இவற்றோடு மணிக்கு 255 லீற்றர் பெற்றோல் பம்ப், காற்று-பெற்றோல் கலவை விகிதத்தைக் காட்டும், பொஷ் எல்எஸ்யு 4.9 சென்சர் உள்ள வைட்பான்ட் மீற்றர், ஒரு படி குளிர்ந்த பிளக். என்ஜிகேயில் இலக்கம் கூடினால் குளிர்ச்சி கூடும். 6 போட்டிருந்தால் 7 போடுங்கள். பிளக் இடைவெளியை 1.1 மில்லிமீற்றரிலிருந்து 0.7க்கு இறக்குங்கள். நெரிந்த காற்றில் தீப்பொறி தாண்டுவது கடினம். இடைவெளி கூடினால் பூஸ்டில் கார் இருமும், ஆட்கள் அதைப் பெற்றோல் கோளாறு என்று நினைத்து அலைவார்கள். முழு அக்சிலரேற்றரில் பூஸ்ட் இருக்கும்போது வைட்பான்ட் 11.5க்கும் 11.8க்கும் இடையில் நிற்கவேண்டும். 12.5ஐத் தாண்டிப் போவதைக் கண்டால் உடனே காலை எடுங்கள்.

மனிபோல்ட் வார்ப்பிரும்பாக இருக்கட்டும். மினுங்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய் மனிபோல்ட் டர்போவின் பாரத்தையும் சூட்டையும் தாங்காமல் வெல்டிங் ஓரத்தில் வெடிக்கும். டவுன்பைப் இரண்டரை அங்குலம் போதும். இன்டர்கூலர் 45 சென்ரிமீற்றர் நீளம், 18 உயரம், 6 தடிப்பு இருந்தால் இந்த வலுவுக்குத் தாராளம். அதைவிடப் பெரிதாகப் போட்டு றேடியேற்றரை மூடினால், ஏசியும் ஓடும் மத்தியானத்தில் வெப்பமானி மேலே ஏறும். றேடியேற்றரை இரட்டை வரிசையாக மாற்றி, விசிறியைச் சுற்றியுள்ள கூடு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்தை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கு டர்போவுக்கும் இரும்பு வேலைக்கும். ஒரு பங்கு இன்ஜெக்டர், பம்ப், ஈசியூ, மீற்றர். மற்றப் பங்கு டியூனிங், கிளச், கஸ்கட் ஆகியவற்றுக்கு. முதற் பங்கிலேயே கை வெறுமையாகிறதென்றால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். ஒன்றும் வாங்கும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் கம்பிரஷன் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பணம் முதலில் எஞ்சினுக்குப் போகவேண்டும்.

எங்கள் பக்கத்து செட்டில் 92 பெற்றோல்தான் நிச்சயம். 95 வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. 95க்கு டியூன் செய்துவிட்டு, கிடைக்காத நாளில் மெதுவாக ஓடினால் போதாதா?
வாசகர், மாங்குளம்

போதாது. அவசரத்துக்கு லொறி ஒன்றை முந்தும்போது கால் தானாகவே அமர்த்தும். நீங்கள் எப்போதாவது அடிக்கக்கூடிய மோசமான பெற்றோல் எதுவோ, அதற்கே டியூன் செய்யுங்கள். 92க்கு 5 பிஎஸ்ஐ, டைமிங்கை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு பாகை வீதம் பின்னுக்கு எடுப்பது என்று தொடங்கலாம். 95 நிச்சயமாகக் கிடைக்கும் ஆட்கள் 7க்குப் போகலாம். இரண்டு மெப் (டியூன் அட்டவணை) வைத்து ஆளியால் மாற்றும் வசதி சில ஈசியூக்களில் உண்டு. அது இருந்தால் இன்னும் நல்லது.

இதில் பலர் சறுக்கும் இடம், பூஸ்ட் கூடாமல் புகையை டர்போவுக்கு வெளியே திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங். ஸ்பிரிங் தரும் அழுத்தம்தான் உங்கள் ஆகக் குறைந்த பூஸ்ட். பூஸ்ட் கொன்றோலர் அதைக் கூட்டும்; குறைக்க முடியாது. 10 பிஎஸ்ஐ ஸ்பிரிங்கோடு வந்த டர்போவை எந்தக் கொன்றோலராலும் 5இல் ஓடவைக்க இயலாது. ஆகவே 5 பிஎஸ்ஐ ஸ்பிரிங் கேட்டு வாங்குங்கள்.

நொக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம், தகரப் பேணிக்குள் கிறவல் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கும். டர்போ பூட்டிய காரில் சைலன்சர் இரைச்சலுக்குள் அது காதில் விழாது. பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் தட்டியிருந்தால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் இருக்கும். அவற்றுக்கிடையே ஊசிமுனை அளவில் வெள்ளியாக மினுங்கும் சின்ன உருண்டைகள் தெரிந்தால், அவை உங்கள் பிஸ்டனிலிருந்து உருகிவந்த அலுமினியம். அன்றே பூஸ்டை நிறுத்துங்கள். கைக்கு வசதியான ஒரு பூதக்கண்ணாடியைக் காருக்குள் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

டர்போ பூட்டி இரண்டு வாரம். ஐடிலில் நின்றால் சைலன்சரால் நீலப் புகை வருகிறது. கராஜில் டர்போ பழுது, வேறு வாங்கு என்கிறார்கள். டர்போ புதிது. என்ன செய்வது?
வாசகர், வவுனியா

வேறு டர்போ வாங்காதீர்கள். புதிய டர்போ புகைத்தால் பெரும்பாலும் குற்றம் ஒயில் திரும்பிப் போகும் வழியில் இருக்கும்.

டர்போவின் சீல் தண்ணீர்க் குழாயின் வாசர் போன்றதல்ல. அது ஒயிலைத் தனியே பிடித்து நிறுத்தாது. ஒயில் தடையின்றிக் கீழே வழிந்தோடினால்தான் அது வேலை செய்யும். உள்ளே அழுத்தத்தோடு போகும் ஒயில் வெளியே வரும்போது நுரைத்து, தன் பாரத்தால் மட்டுமே வடியும். எனவே திரும்பும் குழாயின் உள்விட்டம் 15 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. வழி முழுவதும் கீழ்நோக்கியே சரியவேண்டும். ஒரு இடத்தில் தொய்ந்து மேலே ஏறினாலும் அங்கே ஒயில் தேங்கி, டர்போ வரை நிரம்பி, சீலைத் தாண்டிச் சூடான பக்கம் கசியும். எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்பில் வெல்டிங் செய்த வாய் ஒயில் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். டிப்ஸ்டிக் குறியைச் சம்பின் வெளிப்பக்கத்தில் அளந்து குறித்துப் பாருங்கள். வாய் அதற்குக் கீழே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அதுவும் சரியென்றால், திரும்பும் குழாயின் மேல் பிளான்ஜைக் கழற்றுங்கள். கஸ்கட்டுக்குப் பதிலாகச் சிவப்புச் சிலிக்கன் பசை தடவியிருந்தால், போல்ட்டை இறுக்கும்போது அது உள்ளே பிதுங்கி, துவாரத்தின் பாதியை மூடியபடி நாக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் கிள்ளி எடுத்தால் வந்துவிடும். புதிய டர்போக்களைக் குப்பைக்கு அனுப்புவது பலமுறை இந்த ஒரு துண்டுப் பசைதான். அங்கே எப்போதும் உலோக அல்லது காகிதக் கஸ்கட் மட்டுமே போடுங்கள்.

அடுத்து, உள்ளே போகும் பக்கம். உங்கள் டர்போ போல் பெயரிங் வகையென்றால் ஒயில் உள்ளே போகும் இடத்தில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் துவாரமுள்ள றெஸ்ட்ரிக்டர் வேண்டும். சாதாரண புஷ் வகைக்கு அது பொதுவாகத் தேவையில்லை. போட்டால் பட்டினி கிடந்து தேயும். எந்த வகை என்று தெரியாமல் பூட்டியிருந்தால் முதலில் அதைக் கேட்டுத் தெளியுங்கள்.

கடைசியாக எஞ்சினின் மூச்சு. ஐடிலில் ஒயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். காற்று விட்டுவிட்டு அடித்தால் பிஸ்டன் றிங் வழியாக அழுத்தம் கசிகிறது, அல்லது எஞ்சினின் வயிற்றுக் காற்றை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வு பூஸ்டை வயிற்றுக்குள் விடுகிறது. வால்வைக் கழற்றி, இன்டேக் பக்கமிருந்து ஊதுங்கள். காற்றுப் போனால் அதை மாற்றவேண்டும்.

கனடாவில் இருக்கும் அண்ணா பொருட்கள் அனுப்பித் தரத் தயார். எதை அங்கே வாங்குவது, எதை இங்கே செய்வது?
வாசகர், பரந்தன்

அங்கே வாங்கச் சொல்லவேண்டியவை சின்னவை, போலி வரக்கூடியவை: நான்கும் ஒன்றாக அளவெடுத்த தாளோடு வரும் இன்ஜெக்டர் செட், வைட்பான்ட் மீற்றர், ஈசியூ, 3 பார் மெப் சென்சர் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது), பெற்றோல் பம்ப், பல அடுக்கு உலோக ஹெட் கஸ்கட், டர்போவின் கஸ்கட்டுகள். இவை எல்லாம் ஒரு சூட்கேசுக்குள் அடங்கும். பெற்றோல் பம்புக்கும் வைட்பான்ட் சென்சருக்கும் நல்ல பெயருள்ளவற்றின் போலிகள் அதிகம், ஆகையால் நேரடி விற்பனை நிலையத்தில் பற்றுச்சீட்டோடு எடுக்கச் சொல்லுங்கள்.

டவுன்பைப்பையும் மனிபோல்ட்டையும் அங்கிருந்து வரவழைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கனடாவில் ஸ்டியரிங் இடப்பக்கம். எக்சோஸ்ட் முன்பக்கம் இருக்கும் இகே சிவிக் போன்ற கார்களுக்குப் பிரச்சினை வராது. எக்சோஸ்ட் ஸ்டியரிங் ஷாஃப்ட்டின் பக்கமாக இறங்கும் கார்களில் குழாய் நேரே அதில் முட்டும். அப்படியான கார் என்றால் இங்கிலாந்திலோ ஜப்பானிலோ வலப்பக்க ஸ்டியரிங்குக்குச் செய்ததைத் தேடுங்கள், அல்லது இங்கேயே காரை வைத்து அளந்து வெல்டிங் செய்யுங்கள். இன்டர்கூலர் பைப்பும் இங்கேதான் செய்யவேண்டும். 50 மில்லிமீற்றர் அலுமினியக் குழாயின் நுனிகளில் சின்ன வரம்பு எழுப்பச் சொல்லுங்கள். வரம்பில்லாத நுனியிலிருந்து சிலிக்கன் ஹோஸ் பூஸ்டில் கழன்று பறக்கும்.

டொயோட்டா ஹைலக்ஸ், 3எல் டீசல், டர்போ இல்லாதது. மீன் ஏற்றி தம்புள்ளை வரை ஓடுகிறது. டர்போ போட்டால் இழுவை கூடுமா, எஞ்சின் தாங்குமா?
வாசகர், புதுக்குடியிருப்பு

கூடும். நிதானமாகச் செய்தால் தாங்கும். 2எல்-டி எஞ்சினில் வந்த சிடி20 டர்போ இந்த 2.8 லீற்றர் எஞ்சினுக்கு நல்ல அளவு. 7 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள். கம்பிரஷன் 22க்கு 1 அளவில் இருக்கும் எஞ்சின் இது. ஹெட் கஸ்கட்டுக்கும் ஹெட்டுக்கும் ஏற்கனவே போதிய பாரம் உண்டு.

பெற்றோல் கார்க்காரர் சொல்லும் புத்தியை டீசலுக்கு எடுக்கவேண்டாம். பெற்றோலில் பூஸ்ட் இருக்கும்போது எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் நேர்மாறு: எரிபொருள் கூடினால்தான் சூடு ஏறும். டர்போவை மட்டும் பூட்டி, இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொடாமல் விட்டால் காற்று கூடி, கரும்புகை குறைந்து, எஞ்சின் முன்னைவிடக் குளிர்ச்சியாக ஓடும். வலு கொஞ்சம்தான் கூடும். வலு வேண்டுமென்று பம்பின் ஸ்குறூவைத் திருகத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது. எட்டில் ஒரு சுற்று, அதற்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். பூஸ்டுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் மூடி உள்ள 2எல்-டி பம்ப் கிடைத்தால் அதையே போடுங்கள். டர்போ விழிக்கும் முன்னரே டீசல் கொட்டிக் கரும்புகை கக்குவது நிற்கும்.

திருகும் முன் புகைச் சூடு காட்டும் மீற்றரைப் பூட்டவேண்டும். அதன் சென்சர் டர்போவுக்கு முன்னால், மனிபோல்ட்டில் துளைத்து இருக்கட்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் 100 பாகைக்கு மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும். தொடர்ந்து ஏறும்போது 650, கணநேரம் 700. அதற்கு மேல் போனால் கியரை இறக்கிக் காலை எடுக்கவேண்டும். கம்பனி டர்போ எஞ்சின்களில் பெரும்பாலும் பிஸ்டனின் அடியில் ஒயில் பீச்சும் ஜெட் இருக்கும். சாதாரண எஞ்சினில் அது இருக்கிறதென்று நம்பி ஓடக்கூடாது.

வன்னி தட்டை நிலம். முல்லைத்தீவிலிருந்து வவுனியா வரை மீற்றர் 500இலேயே நிற்கும்; எல்லாம் சரி என்று தோன்றும். அதே வாகனம் பாரத்தோடு மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போது ஐந்து நிமிடத்தில் 750 தொடும். டியூனிங்கை ஏற்றத்தில், ஏற்றும் பாரத்தோடு சரிபாருங்கள். பிரேக் பழையதுதான் என்பதையும் மறக்காதீர்கள். கூடுதலாக மீன் ஏற்ற இது அனுமதி ஆகாது.

துணுக்காய், மல்லாவிப் பக்கம் கிறவல் வீதிதான். திறந்த காளான் வடிவ எயார் பில்டர் டர்போவுக்கு நல்லது என்கிறார்கள். உண்மையா?
வாசகர், துணுக்காய்

எங்கள் வீதிகளுக்கு அது பிழையான பொருள். சின்ன டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அந்த வேகத்தில் ஒரு மணல் பருக்கை அலுமினிய இதழின் விளிம்பைச் செதுக்கும். பழைய சக்கரங்களின் விளிம்பு அரத்தால் தேய்த்ததுபோல மழுங்கியிருப்பது இதனால்தான். தப்பிய புழுதி சிலிண்டர் வரை போய் றிங்கைத் தேய்க்கும்.

சூடும் சேர்ந்துகொள்ளும். பொனெட்டுக்குள் திறந்திருக்கும் பில்டர் 60 பாகைக் காற்றை உறிஞ்சினால், 7 பிஎஸ்ஐயில் கம்பிரசரிலிருந்து 116 பாகையில் வரும். இன்டர்கூலரைத் தாண்டியும் கிட்டத்தட்ட 59இல் நிற்கும். வெளிக்காற்றை இழுத்தால் 50. அந்த ஒன்பது பாகையில்தான் 92 பெற்றோல் தட்டத் தொடங்கும்.

கம்பனி எயார் பெட்டியும் காகிதப் பில்டரும் போடுங்கள். இடம் போதாவிட்டால் கொஞ்சம் பெரிய வாகனத்தின் பெட்டியைப் பொருத்தலாம். மூக்குக் குழாய் முன் விளக்குப் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுக்கட்டும். 5000 கிலோமீற்றர் காத்திராமல் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பெட்டிக்குப் பின்னால் உள்ள ஹோஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் நிறம் பட்டால் பில்டரின் ஓரத்தால் புழுதி போகிறது.

சுசுகி வகன் ஆர், சிவிடி கியர். டர்போ போடலாமா?
வாசகர், ஒட்டுசுட்டான்

வேண்டாம். சிவிடியின் பெல்ட் அந்த எஞ்சினின் முறுக்குவிசைக்கு அளவெடுத்தது. வழுக்கத் தொடங்கினால் கியர்பொக்ஸ் போகும். டர்போதான் வேண்டுமென்றால் 660 சிசி டர்போவோடு கம்பனியிலிருந்தே வந்த மொடலை வாங்குங்கள். ஹைபிரிட் கார்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே பதில்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய டர்போ எடுக்கப் போகிறேன். கடையில் நின்றபடி எப்படிப் பரிசோதிப்பது?
வாசகர், விசுவமடு

ஒரு சின்ன ரோர்ச், வேர்னியர், வெள்ளைத் துணி கொண்டுபோங்கள்.

ஷாஃப்ட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து உள்ளே வெளியே தள்ளி இழுங்கள். அசைவு கைக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் திரஸ்ட் பெயரிங் தேய்ந்துவிட்டது, அந்த டர்போவை வைத்துவிட்டு வாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். புஷ் வகையில் ஒயில் இல்லாதபோது அது இயல்பு. ஆட்டிக்கொண்டே சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். ஒரு பக்கத்தில்கூட இதழ் கூட்டின் சுவரில் உரசக்கூடாது. உரசிய டர்போவின் சுவரில் வளைந்த கோடு ஒன்று மினுங்கும். ரோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் தெரியும்.

பிறகு சூடான பக்கம். வேஸ்ட்கேட் துவாரத்தின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் பழைய டர்போக்களில் சாதாரணம். வெடிப்பு வெளிச்சுவரையோ பிளான்ஜையோ எட்டினால் வேண்டாம். டர்பைன் வெளிவாயைத் துணியால் துடையுங்கள். காய்ந்த சாம்பல் நிறம் நல்லது, ஈரக் கரி என்றால் ஒயில் குடித்த டர்போ. வேஸ்ட்கேட் கதவைக் கையால் திறந்து விடுங்கள். முழுதாக மூடாவிட்டால் பூஸ்ட் ஏறாது. ஒயில் துவாரங்களுக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கறுப்புத் தார்ப்படை இருந்தால், ஓடிய சூட்டோடு எஞ்சினை நிறுத்தி நிறுத்தி ஒயிலைக் கருக்கிய ஆள் வைத்திருந்த டர்போ அது.

பெயர்த்தகட்டை நம்பவேண்டாம். வேர்னியரால் கம்பிரசர் சக்கரத்தின் வாய் விட்டத்தையும் அடி விட்டத்தையும் அளந்து, நீங்கள் தேடும் மொடலின் அளவோடு ஒப்பிடுங்கள்.

டர்போ போட்டால் காப்புறுதி, புகைப் பரிசோதனை என்னாகும்? டியூனிங் எங்கே செய்வது?
வாசகர், நெடுங்கேணி

காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, அவர்களின் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அறிவிக்காத மாற்றம் விபத்து இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் ஒழுங்காக டியூன் செய்த பெற்றோல் எஞ்சின் தேறும். ஐடிலில் கலவை 14.7ஐ ஒட்டி இருக்கவேண்டும். தோற்பவை பெரிய இன்ஜெக்டரைப் பழைய ஈசியூவோடு விட்ட கார்கள்.

டியூனிங்கை, காரை உருளைகளில் நிறுத்தி ஓட்டி வலு அளக்கும் டைனோவில் செய்யுங்கள். வீதியில் மூன்றாம் கியரில் 6500 சுற்று வரை இழுத்தால் பெரும்பாலான கார்கள் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும். ஏ9இலும் ஏ35இலும் பொழுதுபட்டால் மாடுகள் தாரில் படுத்திருக்கும், வெளிச்சத்தில் கண் மினுங்கும்போது நிறுத்தத் தூரம் இருக்காது. வேகம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தப் பந்தயத் தடம் இருக்கிறது.

எல்லாம் பூட்டியாயிற்று. முதல் தடவை எப்படி ஸ்டார்ட் செய்வது?
வாசகர், முல்லைத்தீவு

புதிய ஒயிலும் பில்டரும் போடுங்கள். 5டபிள்யு-40 முழு சிந்தெற்றிக் நல்லது. இனி 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். டர்போவின் ஒயில் துவாரத்துக்குள் ஒரு மேசைக்கரண்டி ஒயில் ஊற்றி, சக்கரத்தை விரலால் நாலைந்து தரம் சுற்றிவிட்டு லைனைப் பூட்டுங்கள். பெற்றோல் பம்ப் பியூசையும் கொயில் சொக்கற்றையும் கழற்றிவிட்டு, பத்துப் பத்துச் செக்கனாக, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகுதான் பியூசைப் பூட்டி ஸ்டார்ட் செய்யவேண்டும். மூன்று நிமிடம் ஐடில். அக்சிலரேற்றரை மிதிக்கவே வேண்டாம். மனிபோல்ட்டில் தடவியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து சற்றுப் புகைக்கும், அது பத்து நிமிடத்தில் நின்றுவிடும். தண்ணீர் லைனில் காற்று வெளியேறும்வரை றேடியேற்றர் மூடியைத் திறந்து விடுங்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போதே அதைத் திறந்துவைக்கவேண்டும்.

டியூன் முடியும்வரை பூஸ்ட் ஏறாமல் ஓடுங்கள். நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். மனிபோல்ட் நட்டுகளுக்கு நைலோன் வளையம் உள்ள லொக் நட் போடாதீர்கள், முதல் நாளே உருகிவிடும். செம்பு பூசிய லொக் நட் போட்டு, 50 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை, 500இல் ஒருமுறை இறுக்குங்கள். இரண்டு தடவையும் எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு.